தண்ணி குறையும் வான்: கூலன்ற் ஒழுக்கை வீட்டு முற்றத்தில் கண்டுபிடித்து நிறுத்துவது

தொட்டி வைத்த லாண்ட்மாஸ்டர் எனும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்குத் தண்ணி ஊற்றுவது வேலையின் ஒரு பகுதி. தொட்டி திறந்திருக்கும், தண்ணி கொதித்து ஆவியாகிப் போவதால்தான் எஞ்சின் ஆறுகிறது. வன்னியில் பலருக்கு எஞ்சினோடு பழக்கம் அதில்தான் தொடங்குகிறது. பிறகு வான் வாங்கினாலும் விடிய எழும்பி ஒரு செம்பு ஊற்றுகிற கை மாறுவதில்லை. ஆனால் வானின் ரேடியேற்றர் மூடிய சுற்று. எல்லாம் ஒழுங்காக இருந்தால் மாதக்கணக்கில் ஊற்றவே தேவையில்லை. கிழமைக்கு அரை லீற்றர் கேட்கிறது என்றால் அது தாகம் இல்லை, ஒழுக்கு.

ஊற்றுவது கிணற்றுத் தண்ணி என்றால் இன்னொரு கதையும் சேர்கிறது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைத் தடவிப் பாருங்கள். அங்கே வெள்ளையாகப் படிந்திருக்கிற அதே சுண்ணாம்புதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் கடினம் உள்ள தண்ணியை நாளுக்கு அரை லீற்றர் வீதம் ஊற்றினால், ஒரு வருடத்தில் 55 கிராம் அளவுக்குச் சுண்ணாம்பு உள்ளே போகிறது. ரேடியேற்றரின் ஒவ்வொரு தட்டைக் குழாயிலும் உள் இடைவெளி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான். பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரம் போல உவர் ஏறிய தண்ணி என்றால் சுண்ணாம்பை விட உப்பு மோசம். அது அலுமினியத்தை அரித்துக் குழி விழுத்தும். இன்றைய ஒழுக்குக்கு ஊற்றுகிற தண்ணி அடுத்த ஒழுக்கைச் செய்துகொண்டிருக்கிறது.

கீழே வருவது டவுன்ஏஸ், லைற்ஏஸ், டொல்பின் ஹைஏஸ், டெலிக்கா போன்ற பழைய டீசல் வான்களை மனதில் வைத்து எழுதியது. பழைய கொரோலாவுக்கும் முறை இதுதான். எஞ்சின் முன்னுக்கு இருப்பதால் கை நுழைய இடம் கூட.

முதல் விதி: எஞ்சின் ஆறாமல் ரேடியேற்றர் மூடியில் கை வைக்கக்கூடாது. 0.9 என்று அழுத்த அளவு அடித்த மூடி தாங்கும் அழுத்தத்தில் தண்ணி கிட்டத்தட்ட 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போகும், அந்தத் தண்ணி அந்தக் கணமே ஆவியாகி முகத்துக்கு வரும். ஓடி வந்த வாகனத்தை ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். மேல் ஹோஸை விரலால் அமத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் இன்னும் அழுத்தம் நிற்கிறது. காரில் மின் பான் இருந்தால் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி விடுங்கள். சாவி எடுத்த பிறகும் அந்தப் பான் தானாகச் சுற்றும்.

எங்கே ஒழுகுகிறது

ஓட்டையை அடைக்கிறது அரை மணித்தியால வேலை. எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் நாளைத் தின்னும். பலர் செய்கிற பிழை, நனைந்த இடத்தையே ஒழுகிற இடமாக எடுப்பது. தண்ணி கீழ்நோக்கி வழியும், ஓடும்போது பானின் காற்று அதைப் பின்னுக்கு அடிக்கும். ஆகவே நனைந்த இடங்களில் ஆக மேலேயும் ஆக முன்னுக்கும் உள்ளதைத் தேடுங்கள்.

இரவில் எஞ்சினுக்குக் கீழே பெரிய மட்டைப்பெட்டி ஒன்றை விரித்துப் போடுங்கள். முன் சில்லு நிற்கிற இடத்தை மட்டையில் கோடு கீறிக் குறித்துவிட்டால், விடிய கறை எந்தச் சாமானுக்கு நேர் கீழே என்று சரியாகப் பிடிக்கலாம். கூலன்ற் (எஞ்சினை ஆற்றத் தண்ணியோடு கலந்து ரேடியேற்றரில் ஊற்றும் திரவம்) என்றால் விரலுக்கு வழுவழுப்பு, இனிப்பு மணம், பச்சையோ சிவப்போ நிறம். வாசமும் நிறமும் இல்லாதது ஏசித் தண்ணி. கிணற்றுத் தண்ணி மட்டும் ஊற்றிய வாகனத்தில் கறை துருநிறமாக இருக்கும், காய்ந்த பிறகு வெள்ளைப் பொருக்கு விடும். அந்தப் பொருக்கு உதவியான சாட்சி. ஒழுக்கு எந்த மூட்டில் என்று பகலிலேயே காட்டிக்கொடுக்கும்.

மட்டை காய்ந்தே இருக்கிறது, தண்ணி மட்டும் குறைகிறது என்றால் அநேகமாகச் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் ஒழுகுகிறது. ரேடியேற்றர் வேலை செய்கிற கடையில் கைப்பம்போடு கூடிய அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கும். இரவல் கிடைத்தால் மூடியின் இடத்தில் பூட்டி, மூடியில் அடித்திருக்கிற அளவுக்கு மேல் போகாமல் அடித்து 15 நிமிடம் விடுங்கள். ஊசி இறங்கக்கூடாது. எஞ்சின் ஆறியிருப்பதால் எரிகாயப் பயம் இல்லாமல் டோர்ச் பிடித்துத் தேடலாம். கருவி கிடைக்காவிட்டால் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்தி, ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த ரிசூப் பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். பானுக்கும் பெல்ட்டுக்கும் கிட்ட எஞ்சின் ஓடும்போது கை கொண்டு போகவேண்டாம். சாரத்தோடு நின்று வேலை செய்யவும் வேண்டாம்.

தேடும் ஒழுங்கு இது: மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தெர்மோஸ்ரற் (சூட்டுக்கேற்பத் தண்ணியின் வழியைத் திறந்து மூடும் வால்வு) இருக்கும் வீடு, ஹீற்றர் ஹோஸ், வோட்டர் பம், ரேடியேற்றர் உடல், கடைசியாக எஞ்சின் பக்கத்து இரும்பு மூடிகள். மலிவானதிலிருந்து விலை கூடியதுக்குப் போகிற ஒழுங்கும் ஏறக்குறைய இதுதான்.

மூடி ஆக மலிவு, ஆனால் ஆகக் கடைசியாகத்தான் சந்தேகப்படுகிறார்கள். அடியில் உள்ள றப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, ஸ்பிறிங் துருப்பிடித்து இறுகியதா, நடுவில் உள்ள சின்ன வால்வு நகத்தால் இழுத்தால் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன வால்வு ஒட்டிப்போனால் எஞ்சின் ஆறும்போது ரிசேவ் போத்தலில் இருந்து தண்ணி திரும்பி வராது. போத்தல் நிரம்பி வழியும், ரேடியேற்றர் குறைந்திருக்கும், மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடக்கும். புது மூடி வாங்கும்போது பழையதில் அடித்த எண்ணையே வாங்குங்கள். 0.9 இருந்த இடத்துக்கு 1.1 போட்டால், பழைய ரேடியேற்றர் இதுவரை பொறுத்த இடத்தில் வெடிக்கும்.

ஹீற்றர் ஹோஸைப் பலர் மறந்தே போவார்கள். இந்த வெக்கைக்கு ஹீற்றர் எதற்கு என்று முன்பிருந்த யாரோ இரண்டு வாயையும் ஒரு துண்டு ஹோஸால் இணைத்து விட்டிருப்பார். சீற்றைத் தூக்கி எஞ்சினுக்குப் பின்பக்கம் பாருங்கள். முதலில் வெடிப்பது அநேகமாக அந்தத் துண்டுதான்.

ஹோஸ் மாற்றுவது

ஹோஸை மடித்துப் பாருங்கள். வெளியில் கோடுகோடாக வெடிப்பு, அமத்தினால் உள்ளே நொறுங்குகிற சத்தம், நுனி ஊதிப் பெருத்திருப்பது, ஒயில் பட்டுப் பஞ்சாகிப்போனது: இதில் ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கீழ் ஹோஸ் உறிஞ்சுகிற பக்கம். அதன் உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருந்திருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமாக ஓடும்போது ஹோஸ் ஒட்டி அடைத்து, நின்றதும் திரும்ப விரியும். நிற்கும்போது பார்த்தால் குறையே தெரியாது.

பழைய ஹோஸைக் கையில் கொண்டுபோய்த்தான் வாங்க வேண்டும். நீளத்தை விட வளைவும் உள்விட்டமும் முக்கியம். நேர் ஹோஸை வாங்கி வளைத்துப் போட்டால் மடிகிற இடத்தில் வழி அடைபடும்.

கழற்றும்போது ஹோஸ், அது ஏறி நிற்கிற குழாய் வாயோடு ஒட்டிப்போயிருக்கும். ஸ்குறூட்றைவரைச் செருகி நெம்பாதீர்கள். ரேடியேற்றரின் மேல் தொட்டி பிளாஸ்டிக் என்றால், பத்து இருபது வருடச் சூட்டில் அது பிஸ்கட் மாதிரி. ஒரு சின்னக் கிளிப்புக்குப் போன வேலை புது ரேடியேற்றரில் முடியும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறிப் பிளந்து உரியுங்கள். பிளேடு பட்டுக் குழாய் வாயில் கோடு விழாமல் பார்க்க வேண்டும்.

பிறகு வாயைத் துப்புரவாக்குங்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, வெள்ளைப் பொருக்கும் பழைய றப்பரும் போய், விரல் நுனிக்கு ஒரு மேடும் தட்டாமல் வர வேண்டும். புது ஹோஸ் போட்டும் ஒழுகுகிறது என்று வருகிற வாகனங்களில் பல இந்த ஒரு வேலையை விட்டவைதான். அலுமினிய வாய் அரித்துக் குழி விழுந்திருந்தால் சிலிக்கன் பூசிச் சமாளிப்பது ஒரு மழைக்காலம் தாங்கலாம்; அந்தத் துண்டை மாற்றுவதுதான் முடிவு.

ஹோஸ் ஏற மறுத்தால் கூலன்றையோ சவுக்காரத் தண்ணியையோ பூசுங்கள். கிறீஸ், ஒயில் கூடாது. இந்த றப்பர் பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதும். கிளிப்பை ஹோஸுக்குள் முதலே போட்டுவிடுங்கள், மறந்தால் திரும்ப உருவ வேண்டிவரும். வாயின் நுனியில் ஒரு வரம்பு இருக்கும். கிளிப் அந்த வரம்பைத் தாண்டி, ஹோஸின் நுனியிலிருந்து ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் உள்ளே நிற்க வேண்டும். வரம்பின் மேலேயே இறுக்கினால் வழுக்கி வெளியே வரும். றப்பர் கிளிப்பின் பொளிகளுக்குள் பிதுங்கத் தொடங்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் ஹோஸ் வெட்டுப்படும். கட்டுக்கம்பி முறுக்கிக் கட்டுவது ஒரு பக்கம்தான் இறுக்கும்.

தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியவேண்டாம்

"எங்கட வெயிலுக்கு உது தேவையில்லை, கழற்றி விடு" என்பார்கள். தெர்மோஸ்ரற்றின் கீழ்ப்பக்கம் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குப் போகாமல் சுற்றுகிற குறுக்கு வழியை மூடுவது அந்தத் தட்டுதான். தெர்மோஸ்ரற் இல்லாவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூட்டுத் தண்ணியில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். முழு லோட்டோடு நீண்ட ஓட்டம் ஓடும்போது கழற்றிய வாகனம்தான் கூடச் சூடாகும்.

சோதிக்க அடுப்பும் ஒரு சட்டியும் போதும். வால்வு வாயில் நூலைக் கவ்வவிட்டுத் தண்ணிக்குள் தொங்க விடுங்கள். தகட்டில் 82 அல்லது 88 என்று அடித்திருக்கும். தண்ணி அந்தச் சூட்டை எட்டும்போது வால்வு நூலை விட்டுவிடும், கொதிக்கும்போது வாய் 8 மில்லிமீற்றர் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். கொதித்தும் வால்வு நூலை விடவில்லை என்றால் புதியது வாங்குங்கள்.

தெர்மோஸ்ரற் வீட்டின் போல்ட்டுகள் அநேகமாக 10 அல்லது 12 சாவிக்கு வரும். அலுமினியத்துக்குள் ஏறிய இரும்பு போல்ட், துருவால் பிடித்திருக்கும். வன்மையாகத் திருப்பினால் தலை உடைந்து கையில் வரும். முதல் நாள் பின்னேரமே துரு எண்ணெய் விட்டு வைத்து, அடுத்த நாள் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்கி எடுங்கள். பழைய கஸ்கற்றை (இரண்டு உலோக முகத்துக்கு நடுவில் ஒழுகாமல் வைக்கும் தாள்) இரும்பால் சுரண்டாமல் மூங்கில் துண்டால் சுரண்டுங்கள். தெர்மோஸ்ரற்றில் ஆடுகிற சின்ன ஊசி ஒன்று இருக்கும். அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறுகிற வழி அதுதான். சிலிக்கன் பாவித்தால் 2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு கோடு போதும். உள்ளே பிதுங்கினது காய்ந்து கழன்று, நேரே ரேடியேற்றர் குழாயில் போய்ச் சிக்கும்.

பம், ரேடியேற்றர், இரும்பு மூடி

வோட்டர் பம்மின் தண்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதை அடைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் பெயாரிங்குக்குள் தண்ணி போகாமல் வெளியேற வைத்த வழி அது. அதிலிருந்து சொட்டினாலோ, கோடாகக் கறை இறங்கியிருந்தாலோ, பானைப் பிடித்து ஆட்டினால் தண்டு ஆடினாலோ பம் முடிந்தது. பான் பெல்ட்டால் ஓடும் பம்மை வீட்டில் மாற்றலாம். பெல்ட்டைத் திரும்பப் போடும்போது நடுவில் பெருவிரலால் அமத்தினால் 10 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கிய பெல்ட் புதுப் பம்மையும் தின்னும். பம் ரைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிற எஞ்சின் என்றால் கராஜுக்கு விடுங்கள்.

பித்தளை ரேடியேற்றர் என்றால் ஊசித்துளையை ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் அது ரேடியேற்றர்காரரின் கை. வீட்டில் காஸ் நெருப்புக் காட்டினால் பக்கத்து மூட்டுகளின் ஈயமும் உருகி ஒரு ஓட்டை ஐந்தாகும். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் பசை பூசுவது வீடு வந்து சேரத்தான்.

மஞ்சள்தூள் போடும் வழக்கம் பலருக்குத் தெரியும். அது வேலை செய்வதும் உண்மை: தூள் ஊறிப் பருத்துப் போய் ஓட்டையில் அடைகிறது. ஓட்டையில் மட்டும் அடை என்று அதற்குச் சொல்ல ஆளில்லை, 2 மில்லிமீற்றர் குழாய்களிலும் அடையும். கடையில் விற்கிற ஒழுக்கு அடைப்பான்களுக்கும் இதே குணம்தான். டீசல் தாங்கியின் ஓட்டையில் தேய்க்கிற பார் சவுக்காரம் இங்கே உதவாது, தண்ணியில் கரையும்.

எஞ்சின் புளொக்கின் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை விடப் பெரிய வட்ட இரும்பு மூடிகள் இருக்கும். உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயது என்று நினைவில் வைத்து, பித்தளையில் வாங்கி எல்லாவற்றையும் மாற்றுவது நல்லது.

என்ன தண்ணி, எவ்வளவு

பழையதைக் கீழ்த் திருகைத் திறந்து ஒரு வாளிக்குள் எடுங்கள், அளந்து எழுதி வையுங்கள். முற்றத்தில் ஊற்றக்கூடாது. கூலன்றில் இருக்கிற எதிலீன் கிளைக்கோல் இனிப்பு, நஞ்சு. நாயும் ஆடும் விரும்பி நக்கும். சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சுண்ணாம்பு கடுமையாகப் பிடித்திருந்தால், ஒரு லீற்றருக்கு 25 கிராம் வீதம் சிற்றிக் அசிட் கரைத்து நிரப்பி, 20 நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, ஆறிய பிறகு எடுத்து, தெளிவாக வரும்வரை மூன்று நாலு தரம் அலசுங்கள். கழிவறை கழுவும் அசிட் வேண்டாம், அலுமினியம் கரையும். ஒரு எச்சரிக்கை: சில பழைய ரேடியேற்றர்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தச் சுண்ணாம்புதான். கழுவிய பிறகு புதிதாக ஒழுகினால் கழுவியது பிழையல்ல, ரேடியேற்றர் ஏற்கெனவே முடிந்திருந்தது.

கலக்கிற தண்ணிக்கு மூன்று வழி: பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணி (அசிட் அல்ல), வவுனியா பக்கம் லீற்றர் கணக்கில் விற்கிற ஆர்.ஓ. (வடிகட்டிச் சுத்திகரித்த) தண்ணி, அல்லது மாரியில் கூரையை நன்றாகக் கழுவிய பிறகு பிடித்த மழைத்தண்ணி. செறிவான கூலன்ற் 40 பங்கு, தண்ணி 60 பங்கு இந்த வெக்கைக்குப் பொருந்தும். மொத்தம் 8 லீற்றர் பிடிக்கிற வாகனத்துக்கு 3.2 லீற்றர் கூலன்ற். தனிக் கூலன்றை நிரப்பினால் இன்னும் நல்லது என்று நினைப்பது பிழை; சூட்டை எடுப்பதில் அது தண்ணியை விட மந்தம். அலசியபோது புளொக்குக்குள் தங்கிய தண்ணி வெளியே வராது, ஆகவே முதலில் 3.2 லீற்றர் கூலன்றையும் ஊற்றி, மிச்ச இடத்தைத் தண்ணியால் நிரப்புங்கள். போத்தலில் கலந்து விற்பது என்று எழுதியிருந்தால் அதற்குத் தண்ணி சேர்க்கவே கூடாது. நிறத்தை நம்பி வேறு வேறு வகையைக் கலக்கவும் வேண்டாம். பச்சை எல்லாம் ஒன்றல்ல.

காற்று எடுப்பது சீற்றுக்குக் கீழே எஞ்சின் உள்ள வானில் கொஞ்சம் பொறுமை கேட்கும். முன் சில்லுகளை மேட்டில் ஏற்றி, பின் சில்லுக்குக் கட்டை வைத்து, ஹீற்றர் இருந்தால் அதன் பிடியைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மூடியைத் திறந்தபடி மெதுவாக நிரப்புங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து விட்டால் குமிழி வரும். எஞ்சினை ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும் நேரம் தெர்மோஸ்ரற் திறந்த நேரம், மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்கள். ரிசேவ் போத்தலை நடுக்கோட்டுக்கு விட்டு, அடுத்த நாள் விடிய ஆறிய எஞ்சினில் திரும்பப் பாருங்கள்.

குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஆறிய எஞ்சின் ஸ்ராட் ஆகி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லானால், ஒயில் கோல் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால், அது ஹெட் (எஞ்சின் புளொக்குக்கு மேல் பூட்டும் பாகம்) கஸ்கற் போனது அல்லது ஹெட் வெடிப்பு. பழைய டவுன்ஏஸ், லைற்ஏஸ் டீசல் வான்களில் வரும் 2சி எஞ்சினின் அலுமினிய ஹெட் இந்த விடயத்தில் மன்னிப்பதே இல்லை. ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வெடிக்கக்கூடியது. முற்றத்து வேலை அதோடு முடிந்தது, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும்.

வழியில் ஹோஸ் வெடித்தால்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுவழியில் நிற்கிற நேரத்துக்காக, வாகனத்தில் 5 லீற்றர் கான், இரண்டு கிளிப், 3 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டிய ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) சைக்கிள் ரியூப் பட்டி வைத்திருங்கள். எஞ்சின் ஆறி, ஹோஸ் காய்ந்த பிறகு, பட்டியை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தினதன் பாதியை மூடும்படி, வெடிப்புக்கு இரண்டு பக்கமும் நாலு விரல் தாண்டிச் சுற்றிக் கட்டுங்கள். மூடியை முதல் பல்லில் மட்டும் விட்டால் அழுத்தம் ஏறாது. தண்ணி சீக்கிரம் கொதிக்கும் என்பதால் மெதுவாக, அடிக்கடி நிறுத்தி வர வேண்டும். இந்த நேரம் கிணற்றுத் தண்ணியோ வாய்க்கால் தண்ணியோ எது கிடைத்தாலும் ஊற்றலாம், ஆனால் கொதிக்கிற எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணியைச் சடாரென்று விடாதீர்கள். வீடு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

வேலை முடிந்த கிழமை, ரிசேவ் போத்தலில் மட்டத்தை மாக்கர் பேனையால் குறித்து நாளும் விடிய பாருங்கள். புது ஹோஸ் நூறு கிலோமீற்றர் ஓடிச் சூடேறி இறுகியபின் கிளிப்பில் அரைச் சுற்று தளர்வு இருக்கும். ஆறிய எஞ்சினில் அந்தத் தளர்வு போக இறுக்கிவிடுங்கள். ஏ9 வீதி வழியே போனால் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எப்படியும் நிற்பீர்கள். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கப் போகமுன் ஒருக்கால் குனிந்து வாகனத்துக்குக் கீழே பாருங்கள்: ஏசித் தண்ணி சொட்டலாம், வேறு எதுவும் சொட்டக்கூடாது.